குதிரையின் பயத்தைப் போக்கியவன்

இதைப் படித்துவிட்டு "நல்லாத்தான் அளக்கிறான்" என்று சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு சிரிப்பு வராது. ஆள், திகதி, நேரம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகும்போது வலது கைப்பக்கம் வாவி வரும். அந்த வாவிக் கரையில் ஓர் இடம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நடந்தது என் நண்பன் றமீசுக்கு. றமீஸ் பொய்யே சொல்லாதவன் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. பெண் பார்க்கப் போனபோது தன் வயதில் மூன்றை விழுங்கியவன்தான். ஆனால் நேர விசயத்தில் பொய் சொல்ல மாட்டான். பதினொரு வருடம் டோஹாவில் ஒரு பெரிய மனிதரின் குதிரை லாயத்தில் வேலை செய்தவன். அங்கே தீனி ஐந்து நிமிடம் பிந்தினால் குதிரை உதைக்காது, சூப்பவைசர் உதைப்பான். அதனால் மணிக்கூட்டைப் பார்க்காமல் அவனுக்கு மூச்சு விடவும் வராது.

அங்கே அவன் படித்த வேலை ஒன்றுதான். குதிரைகளுக்குப் பயம் தெளிவிப்பது.

முறை சுலபம். குதிரை பயப்படும் பொருளைத் தூரத்தில் வைத்துக் காட்ட வேண்டும். குதிரை காதை நிமிர்த்தும், மூக்கால் ஊதும், பின்வாங்கப் பார்க்கும். அப்போது பொருளை எடுக்கவே கூடாது. எடுத்தால், பயந்தால் அது போய்விடும் என்று குதிரை படித்துவிடும். அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தலை தாழும். நீளமாக ஒரு மூச்சு விடும். வாயை மென்று உதட்டை நக்கும். அந்த நொடியே பொருளை விலக்க வேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வர வேண்டும். இப்படியே போனால் கடைசியில் காதுக்குள் சீனவெடி கொளுத்தினாலும் குதிரை கொட்டாவிதான் விடும். குதிரை எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டு நேரத்தை வீணாக்காதே, எப்படி அடங்கும் என்று மட்டும் பார். டோஹாவில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது.

அவனுடைய மகள் ஷஸ்னாவுக்கு ஏழு வயது. அவள் பிறந்த பிறகு முதல் லீவில் அவன் வந்தபோது பிள்ளை அவனைக் கண்டு ஓடிப்போய் உம்மா சஹ்லாவின் பின்னால் ஒளிந்தாள். குதிரை என்றால் இரண்டு நாளில் பழக்கியிருப்பான். பிள்ளைக்கு இரண்டு மாதம் எடுத்தது. லீவும் இரண்டு மாதம்தான். அவள் மடியில் ஏறி உட்கார்ந்த வாரம் அவன் விமானம் ஏறினான். அதற்குப் பிறகு "இனிப் போக மாட்டேன், இங்கேயே ஏதாவது பார்க்க வேண்டும்" என்பது அவனுக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. கடைசியில் டோஹா வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான்.

அந்த நோய்க்கு மருந்தாக வந்தவர்தான் அப்துல் கபூர் ஹாஜியார்.

ஹாஜியார் கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் குதிரை வாடகைக்கு விடுகிறவர். வாவிக் கரையில், கைவிட்ட இறால் பண்ணை ஒன்றில் லாயம் வைத்திருந்தார். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல்காரருடன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் கல்யாணம் செய்வார்களாம். சூரியன் விழும் நேரம், தண்ணீர் ஓரம், மாப்பிள்ளை குதிரை மேல் இருக்க வேண்டுமாம். அதற்கு உயரமான, பார்வையான குதிரை வேண்டும். ஹாஜியாரிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. நுவரெலியாவில் பந்தயம் ஓடி முடித்த கறுப்புப் பெட்டைக் குதிரை. அதன் உயரத்தைப் பார்த்து எல்லோரும் கப்பல் என்று கூப்பிட்டார்கள்.

கப்பலுக்கு எல்லாமே பயம். குடைக்குப் பயம். உர பேக்குக்குப் பயம். எல்லாவற்றையும்விடத் தண்ணீருக்குப் பயம்.

"தம்பி, செப்டம்பர் பிறக்கக்குள்ள இது தண்ணியோரம் நிக்கோணும்" என்றார் ஹாஜியார். "நிண்டா உங்களுக்கு நிரந்தர வேல. நிக்காட்டி இதயும் வித்துருவன், நீங்களும் வேற இடம் பாருங்க."

வேறு இடம் என்றால் டோஹா. றமீஸ் தலையாட்டினான்.

குடை நான்கு நாள். உர பேக் மூன்று நாள். சீனவெடி ஒரு கிழமை. கப்பல் கெட்டிக்காரி, எல்லாவற்றிலும் தேறினாள். மிச்சம் தண்ணீர்.

பண்ணையிலிருந்து தண்ணீருக்குப் போக ஒரே ஒரு வழி. பழைய இறால் குளங்களுக்கு நடுவே ஒரு மண் அணை. அதன் முடிவில் ஓடத்துறை. பாலம் வருவதற்கு முன் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்கு ஓடம் ஓடிய துறை. இப்போது அங்கே புல் முளைத்த கொங்கிரீட் சரிவு மட்டும்தான் இருந்தது.

2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை. மாலை 5.50.

றமீஸ் தலைக்கயிற்றைப் பிடித்துக் கப்பலை அணை வழியே கூட்டிப் போனான். பாதி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். நான்கு காலும் மண்ணில் ஊன்றியபடி. மூக்கு ஊதியது. காது இரண்டும் துறையையே பார்த்தன.

துறைக்கு அப்பால், தண்ணீரில் ஒரு மனிதன் நின்றான்.

வாவியில் மனிதன் நிற்பது ஒரு புதினமா? மார்பளவு தண்ணீரில் நின்று வலை வீசுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். சூரியன் அவனுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. றமீஸ் கையை உயர்த்திக் காட்டினான். அவன் பதில் காட்டவில்லை. கையில் வலையும் இல்லை. சரி, கால் கழுவுகிறான் போல என்று இவன் நினைத்துக்கொண்டான். மார்பளவு தண்ணீரில் நின்று எவனாவது கால் கழுவுவானா? மனிதனுக்குத் தேவையென்றால் எதையும் நினைத்துக்கொள்வான்.

றமீசுக்குக் கொஞ்சம் நெஞ்சு படபடத்தது. குதிரை மிரண்டால் பிடிக்கிறவனுக்கும் அது வரும். காத்திருந்தான். 6.03க்குக் கப்பல் தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டாள். இவனும் விட்டான். நிமிர்ந்து பார்த்தபோது தண்ணீரில் யாரும் இல்லை.

மறுநாளும் 5.50. கப்பல் இன்னும் பத்து அடி முன்னால் போய் நின்றாள். அந்த மனிதனும் நின்றான். நேற்றைவிடக் கிட்ட.

அன்று காற்று பலமாக இருந்தது. வாவி முழுவதும் சிறு சிறு அலை. அவனைச் சுற்றி மட்டும் அலை இல்லை.

அலையா, வெளிச்சமா, கண் கூச்சமா... றமீஸ் கண்ணைக் கசக்கினான். கப்பல் அடங்கினாள். தண்ணீரில் நின்றவன் போய்விட்டான்.

வியாழக்கிழமை லாயத்துக்குப் போகும் வழியில், ரோட்டோரம் தேநீர்க் கடை வைத்திருக்கும் கேதீஸ்வரியிடம் கேட்டான்.

"அக்கா, பழைய ஓடத்துறையில இறங்கி நிக்கிற ஆள் ஆரு?"

கேதீஸ்வரி ஆற்றிக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அங்க ஆரும் இறங்க ஒண்ணா தம்பி. ரெண்டாள் ஆழம்."

"இல்லக்கா, நான் கண்ட..."

"நேரத்தோட வீட்ட போங்க தம்பி."

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். ஏன் திரும்பினாள் என்றால், அந்தக் கடை நிற்கும் காணி ஹாஜியாருடையது. இது றமீசுக்கு அப்போது தெரியாது.

ஓடம் கட்டும் பழைய தூண் ஏதாவது தண்ணீருக்குள் இருக்கும், அதில் ஏறி நிற்கிறான் என்று றமீஸ் தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டான். அன்று மாலையும் போனான். வெள்ளி லீவு. பிறகு சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஒவ்வொரு மாலையும் கப்பல் பத்து அடி முன்னால் வந்தாள். ஒவ்வொரு மாலையும் அவனும் கிட்ட வந்தான். ஆனால் றமீசுக்கு ஒரு சந்தோஷம், நெஞ்சு படபடப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. செவ்வாய்க்கிழமை இரவு சஹ்லாவிடம் சொன்னானாம்: "வேல சரி வந்திரிச்சி. இனி நான் எங்கயும் போகல்ல." ஷஸ்னா அவன் தோளில் ஏறிக் குதித்தாள்.

30ஆம் திகதி, புதன்கிழமை. எட்டாவது மாலை.

கப்பல் துறை வரைக்கும் வந்தாள். நிற்கவில்லை, ஊதவில்லை. 5.51க்கே தலையைத் தாழ்த்தி உதட்டை நக்கினாள்.

ஆனால் அவன் போகவில்லை.

குதிரை அடங்கிவிட்டது. இருந்தும் அவன் அங்கேயே நின்றான். முப்பது அடி தூரம் இருக்கும். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நீர்க்காகம் ஒன்று அவனுக்கு நேராகப் பறந்து வந்து, சட்டென்று விலகி, வளைந்து போனது.

5.56. றமீஸ் "சரி, நிக்கட்டும்" என்று நினைத்து மூச்சை விட்டான்.

அந்த நொடியே தண்ணீரில் நின்றவன் பின்னால் நகர்ந்தான். திரும்பவில்லை. முகம் இந்தப் பக்கமே இருந்தது. அப்படியே பின்னுக்குப் போய், தூரமாகி... இல்லாமல் போனான்.

அன்றும் றமீசுக்குப் புரியவில்லை. அவ்வளவு பெரிய வித்துவான் அவன்! குதிரைக்குக் கற்பித்துக் கற்பித்து, தனக்கு ஒருவன் கற்பிப்பதைக் காணாத வித்துவான்.

31ஆம் திகதி. வியாழக்கிழமை. 5.50.

மறுநாள் ஹாஜியார் ஹோட்டல்காரரைக் கூட்டி வருவார். இது கடைசிப் பயிற்சி. கப்பல் கொங்கிரீட் சரிவில் இறங்கித் தண்ணீர் ஓரம் சிலை போல நின்றாள்.

அவனும் வந்தான்.

இருபது அடி.

பதினைந்து.

பத்து.

அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான். சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. பாசி தெரிகிறது.

அவனுக்கு மட்டும் இன்னும் மார்பளவு.

றமீசின் முதுகு குளிர்ந்தது. கப்பலைப் பார்த்தான். அவள் கத்துவாள், இழுப்பாள், தன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவாள் என்று பார்த்தான்.

அவள் கண்ணை மூடி நின்றாள்.

5.54. சத்தம் இல்லை. தவளை இல்லை. பூச்சி இல்லை.

5.57. குளிர் மெல்லப் போனது. ஏனோ உடம்பு இதமாக இருந்தது...

5.58. அவன் சட்டென்று பின்னால் நகர்ந்தான்.

ஏன் நகர்ந்தான்?

அப்போதுதான் றமீஸ் தன்னைக் கவனித்தான்.

தலை தாழ்ந்திருந்தது.

வாய் மென்றுகொண்டிருந்தது.

நாக்கு உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்..."

மறுபடி அந்த மனிதன் கிட்ட வந்தான். ஐந்து அடி.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. 5.59. ஷஸ்னா.

"வாப்பா, எப்ப வாறீங்க? உம்மா இடியப்பம் அவிச்சிட்டா."

பதில் சொல்லக் குனிந்தவன் தன் காலைப் பார்த்தான். சாரன் நனைந்திருந்தது. செருப்பு இரண்டும் பின்னால், கரையில் கிடந்தன. இடுப்பு வரை தண்ணீரில் நின்றான். எப்போது இறங்கினான்? அவனுக்குத் தெரியாது. இறங்கிய ஞாபகமே இல்லை.

"வாப்பா? வாப்பா?"

"வாறன் மகள்... இந்தா வாறன்..."

திரும்பிப் பார்க்காமல் ஓடினான். கப்பலையும் விட்டுவிட்டு ஓடினான். ரோட்டில் ஏறி மணிக்கூட்டைப் பார்த்தபோது 6.06. தூரத்தில் கப்பல் அதே இடத்தில், அதே அமைதியோடு நின்றாள்.

மறுநாள் விடிந்தவுடன் கேதீஸ்வரியின் கடையில் போய் உட்கார்ந்தான். தேநீர் கேட்கவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். காணியாவது, கடையாவது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு முந்தி வினோஜன் எண்டு ஒரு பொடியன் அந்தக் குதிரைய வச்சிப் பழக்கினவன் தம்பி" என்றாள். "அவனும் உங்களப் போலதான் வந்து கேட்டவன். தண்ணிக்குள்ள நிக்கிற ஆரெண்டு. முதல் பயந்தான். மறுகா, 'பழகிட்டு அக்கா, ஒண்டும் செய்யாது' எண்டு சிரிச்சான். ஒரு நாள் பின்னேரம் தானா நடந்து இறங்கிட்டான். நீந்தவுமில்ல, கத்தவுமில்ல."

"கத்தாட்டி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"குதிரதான் கத்தினது தம்பி. ஊரே கேட்டுது. அது கத்தினபடியாத்தான் நாங்க ஓடிப்போய்க் கிடந்த உடம்பையாவது எடுத்தம். அந்த நாளையில இருந்து அது தண்ணியோரம் போறல்ல."

றமீஸ் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். அந்தக் கரையில் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது அந்த வாயில்லாப் பிராணி ஒன்றுதான். அதன் வாயை ஒன்பது மாலையில் அடைத்தவன் இவன். கெட்டித்தனமாக, முறை பிசகாமல்.

பின்னேரம் ஹாஜியார் ஹோட்டல்காரரோடு வந்தார். இரவே ஆள் விட்டு லாயத்தில் கட்டியிருந்த கப்பலைத் தானே கயிற்றைப் பிடித்துத் துறைக்குக் கொண்டு போனார். றமீஸ் அணையின் இந்தப் பக்கமே நின்றான். கப்பல் அசையவில்லை. ஹோட்டல்காரர் படம் எடுத்தார். ஹாஜியாருக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. அந்த மனிதர் எதற்கும் பயந்ததில்லை. தண்ணீரில் நிற்பவனுக்கு அவரிடம் வேலை இல்லை போலும்.

"நல்ல வேல செஞ்சிரிக்கீங்க தம்பி! நாளையிலிருந்து நிரந்தரம்."

"வினோஜன்ட விசயத்த ஏன் ஹாஜியார் சொல்லல்ல?"

ஹாஜியாரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அவ்வளவுதான்.

"சொன்னா நீங்க வந்திரிப்பீங்களா?"

"அந்தத் துறைக்கு இனி ஒருத்தரையும் அனுப்பாதீங்க. குதிர இனிக் கத்தாது. விளங்குதா? கத்தாது!"

"கத்தாமப் பழக்கத்தானே உங்களக் கொண்டு வந்த" என்றார் ஹாஜியார்.

 றமீஸ் தன் செருப்பைக்கூட எடுக்காமல் வந்துவிட்டான். ஒக்டோபரில் மறுபடி விமானம் ஏறினான். ஷஸ்னா வழியனுப்ப வெளியே வரவில்லை. அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாளாம். வேலை கிடைத்தும் போகிற வாப்பாவைப் பிள்ளை எப்படி மன்னிக்கும்? கையில் கிடைத்த வாழ்க்கையைத் தூக்கி எறிந்தான் என்று ஊரும் ஏசியது. நானும் ஏசினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதுவரைக்கும் றமீஸ் சொன்னது. இனி வருவது போன மாதம் கேதீஸ்வரி என்னிடம் நேரில் சொன்னது.

ஹாஜியார் புதிதாக ஒரு மனிதரை வேலைக்கு எடுத்திருந்தார். குடும்பக்காரர், அமைதியான ஆள். ஒரு நாள் காலை 5.40க்குக் கேதீஸ்வரி கடை திறக்க வந்தபோது, துறையில் கப்பல் தனியாக நிற்பதைக் கண்டாள். தலை தாழ்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. இரவு முழுவதும் அப்படியே நின்றிருக்க வேண்டும். முதுகெல்லாம் பனி. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு சத்தம் இல்லை. தலைக்கயிற்றின் மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது.

கயிறு தொய்ந்து கிடக்கவில்லையாம். விறைப்பாக இருந்ததாம்.

ஊரார் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு மட்டும்தான் வந்தது. அந்த மனிதரை இன்றுவரை எடுக்கவில்லை. கப்பலையும் யாராலும் துறையை விட்டு அசைக்க முடியவில்லை. அங்கேயே புல் வெட்டிப் போடுகிறார்கள். பழக்கியவன் வந்தால்தான் வரும் என்று எல்லோரும் சொல்ல, ஹாஜியார் சஹ்லாவிடம் போய் றமீசின் நம்பரை வாங்கியிருக்கிறார்.

நேற்று றமீஸ் எனக்கு ஃபோன் எடுத்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மச்சான், டிக்கட் போட்டுட்டன். ஹாஜியார் நிரந்தரமா எடுக்கிறாராம். இனி இந்த டோஹாப் பக்கம் வர மாட்டன். ஷஸ்னாவோடயே இரிக்கப் போறன்."

"அந்தத் துறைக்காடா போகப் போறாய்?"

"ஓம். கப்பல் அங்கதானே நிக்கிது."

"கேதீஸ்வரி சொன்னது உனக்குத் தெரியுமா? அந்த மனிசன்ட கதி?"

"ஓம், தெரியும். சஹ்லா சொன்னா."

"பயமில்லையா உனக்கு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், எனக்குத் தெரிந்தது. பிறகு சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டான்.

"எதுக்கு மச்சான்?"

வெள்ளிக்கிழமை காலை 7.40க்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறான். பின்னேரமே துறைக்கு வருவதாக ஹாஜியாரிடம் சொல்லிவிட்டானாம். ஷஸ்னா இப்போதே அடிக்கொரு தரம் வாசலுக்கு ஓடி வந்து ரோட்டைப் பார்க்கிறாள்.